கழியும் கழனியும்: காரைக்கால் கடற்கரையும் நெய்தல் உரைமரபும்

1. தோற்றுவாய்

பெரியபுராணத்துள் காரைக்காலம்மையார் வரலாற்றைத் தொடங்கும் சேக்கிழார், அவ்வூரை இரண்டு அடையாளங்களால் நமக்குக் காட்டுகின்றார். அறநெறியில் நின்று வாய்மை வழுவாது வாழ்ந்த பெருவணிகர் குடி அங்கு நெருங்கியிருந்தது என்பது ஒன்று. வளைந்த சங்குகளைத் திரைகள் சுமந்துகொண்டு ஏறுகின்ற கழியும் கானலும் உடையது அவ்வூர் என்பது மற்றொன்று. முதற்பாட்டிலேயே இவ்விரண்டும் இணைத்துக் கூறப்படுகின்றன. ஆயினும் பயிற்றுவோரும் பயில்வோரும் முன்னையதை விரித்துரைத்து, பின்னையதை 'நெய்தல் நில வருணனை' என்னும் ஒரு தொடரால் கடந்துவிடுதல் வழக்கமாகிவிட்டது. வணிகர் சிறப்பு வரலாற்றுக்கு இன்றியமையாதது; கழியும் கானலும் அணிக்காக வந்தவை என்பது அவ்வழக்கத்தின் உட்கிடை.

இக்கருத்து பொருந்துமா என ஆராய்தல் வேண்டும். அம்மையார் வரலாறு மரக்கலத்தால் திருப்பம் பெறுவது. நாகையிலிருந்து வந்து காரைக்காலில் மணவாழ்வு நடத்திய பரமதத்தன், கப்பலேறிச் சென்று மீளாதொழிந்தமையே அம்மையாரின் துறவுக்கு வாயிலாயிற்று. சோழநாட்டுக் கடற்கரையோ மலைமுகடுகளும் வளைகுடாக்களும் இல்லாத மணற்கரை. அலை ஓயாது மோதும் இக்கரையில் கலம் ஒதுங்குதற்குரிய இடம் ஆற்றுமுகமும் அதனையொட்டிய கழியுமே. காரைக்காலின் பழைய துறையும் அரசலாற்று முகத்தில் அமைந்ததே. ஆகவே வணிகர் செல்வம் ஒருபுறமும் கழியின் எழில் மறுபுறமுமாக அவற்றைப் பிரித்தல் இயலாது. கழி இருந்தமையால் துறை இருந்தது. துறை இருந்தமையால் வணிகர் இருந்தனர். சேக்கிழார் இரண்டனையும் ஒரு பாட்டில் அடக்கியது இவ்வுண்மை கருதியே எனக் கொள்ளுதல் தகும்.

இக்கட்டுரையில் நாம் நிறுவ முயல்வது ஒன்றே. நெய்தல் என்பது கடலால் மட்டும் அமைந்த நிலமன்று. ஆற்றின் நன்னீர் கடலின் உவர்நீரோடு தலைக்கூடும் இடமே அதன் உயிர்நிலை. பழம்புலவர் இதனை அறிந்து பாடினர். பிற்காலப் பாடநூல் வரையறை இதனை மறைத்துவிட்டது. இந்நாளைய சட்டத்தின் வரையறையும் ஏறத்தாழ அவ்வழியே செல்கின்றது. காரைக்கால் போன்றதொரு சிறு நிலப்பகுதிக்கு இதனால் நேரும் இழப்பு சொல்லளவில் நிற்பதன்று.

2. வரையறையும் சொற்களும்

நெய்தல் 'கடலும் கடல் சார்ந்த இடமும்' என்றும், மருதம் 'வயலும் வயல் சார்ந்த இடமும்' என்றும் தொடக்கப்பள்ளி முதலாகக் கற்பிக்கப்படுகின்றன. நினைவிற் கொள்ளுதற்கு எளிய இவ்வாய்பாடுகள் ஒரு தீங்கையும் உடன்கொண்டு வந்தன. ஐந்திணையும் வேலியிட்ட ஐந்து தோட்டங்கள் போல மாணவர் உள்ளத்தில் பதிந்துவிட்டன. வயல் எங்கே முடிகின்றது, கடல் சார்ந்த இடம் எங்கே தொடங்குகின்றது என்னும் வினா எழுவதேயில்லை. சோழநாட்டுக் கடற்கரையிலோ அவ்வினாவே முதன்மையானது. அங்கே மருதத்துக்கும் நெய்தலுக்கும் இடையே மலையோ காடோ இல்லை. வயலின் கடைமடை வாய்க்கால் கழியில் விழுகின்றது. கழியின் உவர்நீர் கோடையில் வாய்க்காலில் ஏறுகின்றது.

தொல்காப்பியனார் இவ்வாறு வேலியிட்டாரல்லர். நெய்தலை வருணனுக்குரிய மணல் பரந்த உலகமாகக் காட்டிய அவரே, திணைகள் தம்முள் மயங்குதலையும் உடன்பட்டார். ஒரு நிலத்துக்குரிய பூவும் புள்ளும் தம் நிலத்தொடும் பொழுதொடும் பொருந்தாமல் வேறிடத்தில் வருமாயின், அவற்றை வந்த நிலத்துக்குரியனவாகவே கொள்ளவேண்டும் என்பது அவர் விதித்த நெறி. இது செய்யுள் பற்றிய விதியேயாயினும், ஒரு கூர்த்த நோக்கு இதனுள் அடங்கியுள்ளது. வலசைப் புள்ளினங்களை எண்ணிப் பார்ப்போமாயின் இது விளங்கும். வடபுலத்திலிருந்து குளிர்காலந்தோறும் கோடியக்கரைக்கு வரும் உள்ளானும், அங்குக் கூட்டங்கூட்டமாகக் காணப்பெறும் பூநாரையும், அக்காலத்தே அந்நிலத்தின் கருப்பொருளே. வந்த நிலம் அவற்றுக்கு இரையும் இடமும் தரும்வரையில்தான் அவை அங்கு வரும்.

இனி, சொற்களை நோக்குவோம். கழி, கானல், எக்கர், அடைகரை, அளம், அள்ளல், பழனம், செறு, கழனி, கயம், பொய்கை என நீர்தோய்ந்த நிலத்தின் வேறுபாடுகளைக் காட்டும் சொற்கள் பழந்தமிழிற் பல. கழி உவர்நீர் ஏறியிறங்குவது, அளம் உப்பு விளைவது, எக்கர் அலையும் காற்றும் குவித்த மணல்மேடு, கானல் கடற்கரைச் சோலை, பழனமும் கழனியும் நன்னீர் தேங்கும் விளைநிலம், கயமும் பொய்கையும் ஆழ்ந்த நீர்நிலை, அள்ளல் சேறு. இவையனைத்துக்கும் ஈடாக இன்று 'சதுப்புநிலம்' என்னும் ஒரு சொல்லே அரசு ஆவணங்களிலும் செய்தித்தாள்களிலும் பெரும்பாலும் வழங்குகின்றது. 'ஈரநிலம்' என்பாரும் உளர். பொதுமை நோக்கின் இச்சொல்லே ஏற்புடையது. சதுப்பு என்றவுடன் நம் உள்ளத்தில் தோன்றுவது கால் புதையும் சேறு. எதற்கும் உதவாது கிடக்கும் இடம். பல்வேறு நீர்நிலங்களை இவ்வொரு சொல்லுள் அடக்கும்போது, பயனற்றது என்னும் எண்ணமும் உடன் வந்து ஒட்டிக்கொள்கின்றது. பயனற்றது எனப்பட்ட நிலம் தூர்க்கப்படுதற்கு நெடுங்காலம் வேண்டுவதில்லை.

நெய்தல் என்னும் பெயரே இவ்விடத்து எண்ணத்தக்கது. அப்பூவை இன்ன செடியினது என வரையறுப்பதில் கருத்து வேறுபாடு இருப்பினும், ஆம்பல் இனத்தை ஒட்டிக் கூறப்படும் செடிகள் நன்னீர்க்குரியன; கடலின் முழு உவர்ப்பில் அவை வாழா. கடல் சார்ந்த நிலத்துக்குப் பெயர் தந்த பூ, நன்னீர் வந்தெய்தும் இடத்தன்றி மலராது! ஆற்றுநீர் கடற்கரை வரை வாராதொழியின் கடலும் மணலும் எஞ்சியிருக்கும், நெய்தல் இராது. பாடநூல் வாய்பாடு விட்டுவிட்ட உண்மை திணையின் பெயரிலேயே பொதிந்திருத்தல் காண்க.

3. ஐங்குறுநூறு காட்டுவது

ஐங்குறுநூற்றில் ஓரம்போகியார் பாடிய மருதம் முதல் நூறாகவும், அம்மூவனார் பாடிய நெய்தல் இரண்டாம் நூறாகவும் அடுத்தடுத்து நிற்கின்றன. இவ்வைப்புமுறை தொகுத்தோர் செயலாதல் கூடும். அதன்மேல் பெருங்கருத்தை ஏற்றுதல் முறையன்று. ஆயின் பத்துகளின் பெயர்களை ஒருங்கு வைத்துக் காணும்போது ஓர் உண்மை புலப்படுகின்றது. மருதத்துள் வேழப் பத்து, களவன் பத்து, எருமைப் பத்து என மூன்று உள. வேழம் நீர்க்கரையில் வளரும் நாணல் இனம். களவன் வயல் வரப்பில் வளைதோண்டும் நண்டு. எருமை நீரில் கிடப்பது. நெய்தலுள் ஞாழற் பத்து, வெள்ளாங்குருகுப் பத்து, சிறுவெண்காக்கைப் பத்து, நெய்தற் பத்து என நான்கு உள. மரம் ஒன்று, பூ ஒன்று, நீர்ப்புள் இரண்டு. மாந்தர் உறவின் நுண்ணிய நிலைகளைக் கூறவந்த புலவர், பத்துப் பாடல்களுக்கு ஒருசேர ஒரு நாணலையோ நண்டையோ குருகையோ அடிப்படையாகக் கொண்டனர். வாழ்வோடு நெருங்கிப் பழகாதவற்றை இவ்வாறு எடுத்தாளுதல் இயலாது.

வெள்ளாங்குருகுப் பத்தைச் சிறப்பாக நோக்கலாம். வெள்ளாங்குருகின் குஞ்சைக் காணச் சென்ற நாரை ஒன்று பத்துப் பாடல்களிலும் மீள மீள வருகின்றது. அங்குள்ள 'செத்து' என்னும் சொல்லுக்கு 'இறந்து' என்றும் 'ஒத்து' என்றும் பொருள் கொள்ளுதற்கு இடமுண்டு. குஞ்சு இறந்தது கேட்டுத் துக்கம் வினவச் சென்ற நாரை என்பது ஒரு பொருள். தன் குஞ்சை ஒத்தது எனக் கருதிச் சென்ற நாரை என்பது மற்றொரு பொருள். எப்பொருள் கொள்ளினும், ஓரினப் பறவை பிறிதோரினப் பறவையின் குஞ்சைக் காணச் செல்லும் நெருக்கம் அக்கழியில் நிலவியதாகப் புலவர் காண்கின்றார். குருகும் நாரையும் ஒரே கழியில் ஒருங்கு மேய்வதைக் கண்டறிந்தவர்க்கே இக்கற்பனை தோன்றும். உள்ளுறையைத் தேடும் ஆர்வத்தில் இக்காட்சியின் மெய்ம்மையை உரைகாரர் பலர் கருதாது விட்டனர். உள்ளுறை கருப்பொருளின் மேல் எழுவது. அடித்தளத்தை ஆராயாமல் மாடத்தைப் பாராட்டுதல் திறனாய்வு ஆகாது.

ஈண்டு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். ஐங்குறுநூறு சேரவேந்தன் ஒருவன் தொகுப்பித்தது. நெய்தல் நூற்றுள் தொண்டிப் பத்தும் உளது. ஆதலின் அம்மூவனார் கண்ட கழி மேல்கடற்கரையினதாதல் பெரிதும் இயல்பு. அதனை அப்படியே காரைக்கால் கழியாகக் கொள்ளுதல் வழு. அந்நூல் நமக்குத் தருவது பார்க்கும் முறை, இடத்தின் பதிவன்று. இடத்தின் பதிவுக்குச் சோழநாட்டு நூலையே நாடவேண்டும்.

4. பட்டினப்பாலை காட்டுவது

காரைக்காலுக்கு வடக்கே நேர்கோட்டில் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது பூம்புகார். அதனைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், 301 அடிகளையுடைய பட்டினப்பாலையின் தொடக்கத்திலேயே மூன்று காட்சிகளைத் தருகின்றார். அவை மூன்றும் நம் ஆராய்ச்சிக்கு நேர்ச்சான்றாவன.

முதற்காட்சி: கரும்பாலையின் தீயும் புகையும் தாக்குதலால், நீர்நிறைந்த வயலில் வளர்ந்த நெய்தற்பூ அழகு கெட்டு வாடுகின்றது. இதனைச் சோழநாட்டு வளத்தின் மிகுதியைக் காட்டும் புனைவாகவே பொதுவாக உரைப்பர். அது மெய்யே. ஆயினும் இரண்டு செய்திகள் இதனுள் அடங்கியிருத்தலை மறுத்தல் இயலாது. நெய்தற்பூ வயலுள் மலர்கின்றது என்பது ஒன்று; ஆகவே மருதமும் நெய்தலும் ஈண்டு ஒரே நீரில் நிற்கின்றன. மாந்தர் தொழிலால் நீர்ப்பூ வாடுகின்றது என்பது மற்றொன்று. வளத்தைப் பாராட்டும் புலவர் அவ்வளத்தின் விலையையும் கண்டு கூறினார். அவர் அதனைக் குறையாகக் கூறிற்றிலர், மறைத்ததும் இல்லை.

இரண்டாங்காட்சி: வெண்ணிற உப்பை விற்று நெல்லை ஏற்றிக்கொண்டு மீண்ட படகுகள், கழி சூழ்ந்த தோட்டப்புறத்தே, இலாயத்தில் கட்டிய குதிரைகள் போல வரிசையாகக் கட்டப்பட்டுள்ளன. நெய்தலின் விளைபொருள் உப்பு. மருதத்தின் விளைபொருள் நெல். இரண்டையும் மாற்றித் தரும் வழி கழி. ஒரு நிலத்தின் பொருளியல் முழுவதும் ஒரு படகின் போக்குவரவில் அடங்கிவிடுகின்றது. அளத்தையும் வயலையும் கழியையும் மூன்று வெவ்வேறு நிலங்களாகக் கருதுவோமாயின் இக்காட்சி பொருளற்றதாகிவிடும்.

மூன்றாங்காட்சி: காவிரி கடலொடு கலக்குமிடம். மலையைச் சேர்ந்த மேகத்தையும் தாயின் மார்பைத் தழுவிய குழவியையும் அதற்கு உவமையாக்குகின்றார் புலவர். அவ்விடத்தே மக்கள் கடலிலும் ஆடுகின்றனர். உப்புப் போகப் புனலிலும் படிகின்றனர். ஆறு கடலைச் சேர்தல் இழப்பு என்னும் எண்ணம் அவரிடம் சிறிதும் இல்லை. சிலப்பதிகாரத்திலும் கோவலனும் மாதவியும் பாடிப் பிரிந்த இடம் காவிரி கடலொடு கலக்கும் கானலே. அக்காதைக்குப் பெயரும் கானல்வரி. காவிரியின் நடையை வாழ்த்தும் பாட்டு அதன் முடிவிடத்தில் நின்று பாடப்படுதல் கருதத்தக்கது.

5. காரைக்கால் நிலம்

மேற்கூறிய இலக்கியச் சான்றுகளை உளத்திற்கொண்டு இனிக் காரைக்காலை நோக்குவோம். 1739ஆம் ஆண்டில் தஞ்சை மராட்டிய அரசிடமிருந்து பிரெஞ்சுக்காரர் வசமான இப்பகுதி, 1954ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் நடைமுறையிலும், 1962ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் சட்டப்படியும் இந்தியாவுடன் இணைந்தது. இன்று புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் ஒரு மாவட்டமாகச் சுமார் 160 சதுர கிலோமீட்டர் பரப்பில் அமைந்துள்ளது. நிலப்புறம் முழுவதும் தமிழ்நாட்டின் மயிலாடுதுறை, திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்கள் சூழ்கின்றன, கிழக்கே வங்கக்கடல். குடந்தை வழியாக வரும் அரசலாறும், நாட்டாறு, நூலாறு, வாஞ்சியாறு, திருமலைராயனாறு முதலியனவும் காவிரியின் கடைமடை நீரை இப்பகுதிக்குக் கொண்டுவருகின்றன. அரசலாற்று முகத்தில் கண்டல் வளர்ந்துள்ளது. 2009ஆம் ஆண்டு முதல் தென்பகுதியில் ஒரு துறைமுகம் இயங்குகின்றது.

ஊர்ப்பெயரையும் கருதலாம். 'கால்' என்பது நீர்க்காலைக் குறித்தல் தமிழில் பெருவழக்கு. 'காரை' என்பதைச் சுண்ணக்கலவை என்பாரும் முட்செடி என்பாரும் உளர். அம்மையார் தாம் பாடிய திருவாலங்காட்டுப் பதிகத்தில் சுடுகாட்டில் படர்ந்த செடிகளுள் காரையையும் ஒன்றாகக் காட்டுகின்றார். ஊர்ப்பெயர்க்கு இதனை முடிவான சான்றாகக் கொள்ளல் ஆகாதாயினும், முட்செடியும் நீர்க்காலும் அடுத்தடுத்து இருத்தல் கடற்கரை நிலத்தின் இயல்போடு முரணுவதன்று. கழிசூழ் ஊரில் தோன்றிய அம்மையார் வறண்ட ஆலங்காட்டையே பாடினமையும் நினைவிற் கொள்ளத்தக்கது. பிறந்த மண்ணே பாட்டின் மண்ணாதல் வேண்டும் என்னும் நியதி இல்லை.

காரைக்காலின் இருபுறமும் உலகளவில் மதிக்கப்பெற்ற நீர்நிலங்கள் உள்ளன. தெற்கே ஏறத்தாழ 70 கிலோமீட்டரில் உள்ள கோடியக்கரை 1967ஆம் ஆண்டில் விலங்குப் புகலிடமாக அறிவிக்கப்பெற்றது. 2002ஆம் ஆண்டில் அதனைச் சார்ந்த 38,500 எக்டேர் பரப்பு ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. தமிழ்நாட்டில் அச்சிறப்பை முதலிற் பெற்றது அதுவே. வடக்கே பிச்சாவரம் 2022ஆம் ஆண்டில் அப்பட்டியலிற் சேர்ந்தது. இடைப்பட்ட காரைக்கால் கழிகளுக்கு அத்தகைய காப்பு இல்லை. புள்ளும் மீனும் பட்டியலைப் பார்த்து இறங்குவனவல்ல. கோடியக்கரைக்கும் பிச்சாவரத்துக்கும் இடையே தங்கி இரைதேடும் இடங்கள் அருகுமாயின் இருமுனைகளும் தனித்தனித் தீவுகளாகிவிடும்.

6. சட்டத்தின் வரையறை

ஈரான் நாட்டு ராம்சார் நகரில் 1971ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள் உருவான உடன்படிக்கையில் இந்தியா 1982ஆம் ஆண்டில் சேர்ந்தது. அவ்வுடன்படிக்கை ஈரநிலத்தை மிக விரிந்த பொருளில் வரையறுக்கின்றது. இயற்கையாயினும் செயற்கையாயினும், நிலையாயினும் பருவத்ததாயினும், நின்ற நீராயினும் ஓடும் நீராயினும், நன்னீராயினும் உவர்நீராயினும், நீர் தோய்ந்த நிலம் அனைத்தும் அதனுள் அடங்கும். வற்றின் போது ஆறு மீட்டர் ஆழத்துக்கு மேற்படாத கடற்பகுதியும் அடங்கும். சேக்கிழாரின் கழிக்கானலும் உருத்திரங்கண்ணனாரின் நீர்வயலும் இவ்வரையறையுள் ஒருங்கு அமைகின்றன.

இந்திய அரசு 2017ஆம் ஆண்டில் வகுத்த ஈரநிலக் காப்பு விதிகள் இவ்வரையறையை மேற்கொண்டு, பின்னர்ச் சிலவற்றை விலக்குகின்றன. ஆற்றுப்போக்கு, நெல்வயல், குடிநீருக்கென அமைத்த குளம் ஆகியனவும், நீர்வாழுயிர் வளர்ப்பு, உப்பு விளைவு, பொழுதுபோக்கு, பாசனம் ஆகியவற்றுக்கென அமைத்தனவும் ஈரநிலம் ஆகா. காரைக்கால் நிலத்தில் ஆற்றையும் வாய்க்காலையும் வயலையும் அளத்தையும் நீக்கிவிட்டால் எஞ்சுவது எவ்வளவு? கழிமுகத்தின் சிறு பகுதிகளே எஞ்சும். அவையும் தமக்கு நீர் தரும் ஆற்றினின்றும் வயலினின்றும் பிரிக்கப்பட்டே நிற்கும்.

விலக்குக்குக் காரணம் இல்லாமல் இல்லை. வயலை ஈரநிலமாக அறிவித்தால் உழவன் வரப்பு வெட்டுதற்கும் இசைவு கேட்கவேண்டியதாகிவிடும் என்னும் அச்சம் நியாயமானதே. கடற்கரைக்கு வேறு ஒழுங்குமுறைகளும் உள்ளன. ஆனால் உழவனைக் காத்தற்கு வேறு வழி காணாமல், நிலத்தின் வரையறையையே குறுக்கியமை பொருந்துவதன்று. பட்டினப்பாலையின் படகு உப்பையும் நெல்லையும் கழியால் இணைத்தது. இவ்விதி உப்பையும் நெல்லையும் விலக்கிக் கழியைத் தனியே நிறுத்துகின்றது. 'கடல் சார்ந்த இடம்', 'வயல் சார்ந்த இடம்' எனப் பிரித்த பாடநூல் வாய்பாட்டுக்கும் இதற்கும் உள்ள ஒப்புமை வெளிப்படை.

இதற்கு மாறாக, 1996ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு ஒன்று பழம்புலவர் நோக்குக்கு அணுக்கமாக அமைந்துள்ளது. கடற்கரையில் இறால் பண்ணைகள் பெருகியதை எதிர்த்துச் சர்வோதயத் தொண்டர் எஸ். ஜகந்நாதன் தொடுத்த வழக்கு அது. விளைநிலம், உப்பளம், கண்டற்காடு, ஈரநிலம், காட்டுநிலம், ஊர்ப்பொதுநிலம் ஆகியவற்றை இறால் குட்டைகளாக மாற்றலாகாது என அத்தீர்ப்பு ஒரே வரிசையில் வைத்துக் கூறியது. உவர்நீர்க் குட்டையின் கசிவு வயலையும் கிணற்றையும் கெடுக்கும் என்பது அவ்வழக்கின் அடிப்படைகளுள் ஒன்று. கழியும் கழனியும் ஒரே உடம்பின் உறுப்புகள் என்னும் உண்மையை உழவர் பட்டறிவு நீதிமன்றத்துக்குக் கொண்டு சென்றது எனலாம். 2005ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற கடலோர நீர்வாழுயிர் வளர்ப்பு ஆணையச் சட்டம் அத்தொழிலைப் பதிவுமுறைக்கு உட்படுத்தி, தீர்ப்பின் கடுமையைத் தளர்த்தியது.

நீர்ப்பங்கீட்டிலும் இதே பிரிவினை காணப்படுகின்றது. காவிரி நடுவர் மன்றம் 2007ஆம் ஆண்டில் தந்த இறுதித் தீர்ப்பில், மொத்தம் 740 டி.எம்.சி. நீருள் தமிழ்நாட்டுக்கு 419, கருநாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7 என வகுத்தது. சுற்றுச்சூழல் காப்புக்கு 10. தவிர்க்கவியலாமல் கடலிற் சேர்வதற்கு 4. உச்சநீதிமன்றம் 2018ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் பங்கை 404.25 ஆகக் குறைத்துக் கருநாடகத்தின் பங்கை 284.75 ஆக உயர்த்தியபோதும், புதுச்சேரியின் 7 டி.எம்.சி. மாறவில்லை, காரைக்கால் வயல்களின் பங்கு இதுவே. நாம் நோக்க வேண்டியது கடைசி எண்ணின் பெயரை. ஆறு கடலைச் சேர்தல் இங்குத் 'தவிர்க்கவியலாதது' ஆகிவிட்டது. செய்தித்தாள்கள் இன்னும் ஒருபடி மேலே சென்று, வெள்ளக்காலந்தோறும் நீர் 'வீணாகக் கடலில் கலக்கிறது' என எழுதுகின்றன. தாயைத் தழுவும் குழவி எனப் பாடிய மொழியில் 'வீண்' என்னும் சொல் எவ்வாறு நுழைந்தது? வறட்சியில் தவித்த உழவனின் ஏக்கம் அச்சொல்லில் உண்டு; அதனை நாம் இகழவில்லை. ஆயினும் கழிக்குச் சேரும் நன்னீர் வீணன்று. உவர்ப்பைத் தணித்து மீன்குஞ்சும் இறாற்குஞ்சும் வளர இடந்தருவதும், கண்டலை வாழ்விப்பதும், கடல்நீர் வயலுள் ஏறாமல் எதிர்த்து நிற்பதும் அந்நீரே.

7. தடையும் விடையும்

இவ்வாராய்ச்சிக்கு இரண்டு தடைகள் எழலாம். இலக்கியத்தை நில அளவைப் பதிவாகக் கொள்ளுதல் தகுமா என்பது முதல் தடை. தகாது என்பதே நம் விடையும். திருமலைராயன்பட்டினத்தில் காளமேகப் புலவர் வசைபாட, ஊர்மேல் மண்மாரி பெய்தது எனச் செவிவழிக் கதை கூறும். மணல் இடம்பெயரும் கடற்கரையில் இக்கதை வழங்குதல் சுவையானதே. அதனைக் கொண்டு நிலநூல் முடிபு எதனையும் சொல்லல் ஆகாது. பட்டினப்பாலையையும் அவ்வாறே அளவறிந்து பயன்படுத்த வேண்டும். எத்தனை கழிகள் இருந்தன, எவ்வளவு பரப்பின என அது கூறாது. எவை எவற்றோடு இணைந்திருந்தன என்பதை அது கூறும். அவ்விணைப்பே இன்று வரையறைகளால் அறுபட்டுக் கிடப்பது.

பழையது அனைத்தும் நன்று எனப் போற்றும் மனப்பான்மை இது என்பது இரண்டாம் தடை. கரும்பாலைப் புகையில் வாடிய நெய்தலை எடுத்துக்காட்டியதே இதற்கு விடையாகும். சங்ககாலத்தும் மாந்தர் தொழில் நீர்நிலத்தைத் தாக்கியது. வேறுபாடு அளவில் உள்ளது. கண்டு சொல்லுதலிலும் உள்ளது. வாடிய பூவைப் பாட்டின் தொடக்கத்திலேயே வைத்த புலவனின் நேர்மையை நாம் வேண்டுகிறோம். அக்காலத்துக்கு மீளுதலை வேண்டவில்லை.

8. முடிவுரை

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை காரைக்கால் கடற்கரை ஊர்களைப் பெரிதும் அழித்தது. அதன் பின்னரே கண்டற்காட்டின் பயன் பலராலும் பேசப்படலாயிற்று. உயிரிழப்பு நேர்ந்த பின்பு கற்கும் பாடம் கொடிது. நிலத்தை ஆளும் அதிகாரம் தமிழாய்வாளரிடம் இல்லை. சொல்லைக் காக்கும் பொறுப்பு உண்டு. அப்பொறுப்பு மூன்று பணிகளை நம்மேல் சுமத்துகின்றது.

முதலாவது, ஐந்திணையைக் கற்பிக்கும்போது திணைமயக்கத்தை விதிவிலக்காகப் பின்னிணைக்காமல், சோழநாட்டுக் கடற்கரையின் இயல்நிலையாகவே விளக்குதல். இரண்டாவது, காரைக்கால், திருநள்ளாறு, நெடுங்காடு, கோட்டுச்சேரி, நிரவி, திருமலைராயன்பட்டினம் ஆகிய பகுதிகளில் உழவரும் மீனவரும் உப்புத்தொழிலாளரும் நீர்நிலத்துக்கு வழங்கும் சொற்களைத் தொகுத்தல். பழைய வருவாய்ப் பதிவுகளில் உறையும் நிலப்பெயர்களையும் இத்தொகுப்பில் சேர்க்கவேண்டும். எல்லைக்கோடு கடந்து அண்டை மாவட்டங்களிலும் இதனைச் செய்தால்தான் நீரின் வழி முழுமையாகப் புலப்படும். மூன்றாவது, சங்க இலக்கியச் செடிகொடிகளையும் புள்ளினங்களையும் இயற்கை நூலறிவோடு ஆராய்ந்த பி. எல். சாமி அவர்களின் வழியைப் பின்பற்றி, கழியின் கருப்பொருள்களைச் செடிநூலார், புள்நூலாரோடு ஒருங்கிருந்து ஆராய்தல். முதுகலை மாணவர் சிலர் ஓராண்டு முயன்றால் இத்தொகுப்பின் முதற்பகுதி கைகூடும்.

கழி என்னும் சொல் அகராதியில் இருத்தல் போதாது. அரசாணை எழுதுவோர் கையிலும் அது இருத்தல் வேண்டும். 'சதுப்பு' என ஒரு சொல்லால் ஒதுக்கப்படும் நிலத்தை, இது கழி, இது அளம், இது பழனம், இவற்றை இணைப்பது இந்த நீர்க்கால் எனப் பெயர்சுட்டிக் கூறவல்லார் இருக்கும்போது, அதனைத் தூர்ப்பதற்கு முன் ஒருமுறையேனும் எண்ணிப்பார்க்க நேரும். சேக்கிழார் காரைக்காலை அறிமுகஞ் செய்த முதற்பாட்டை முழுமையாகக் கற்பிப்பதிலிருந்தே அப்பணியைத் தொடங்கலாம்.